எத்தனை நடை?

சிறுதொழில்: வாசகர் கேள்வி பதில்
பதில் தருபவர்: ஓய்வு பெற்ற வணிகவியல் பேராசிரியை, மதுரை

கேள்வி: பெண்களுக்கான தையல் கடை வைத்திருக்கிறேன். மூன்று மெஷின், என்னோடு இரண்டு பெண்கள் தைக்கிறார்கள். பிளவுஸை வாங்கிக்கொண்டு போகும்போது எல்லோரும் 'நன்றாக இருக்கிறது' என்றுதான் சொல்கிறார்கள். அடுத்த முறை பக்கத்துத் தெருக் கடைக்குப் போய்விடுகிறார்கள். குறை சொன்னால் திருத்திக்கொள்வேன். சொல்லாமல் போகிறவர்களை என்ன செய்வது?
வாசகி, திண்டுக்கல்

பதில்: என் அப்பா தையல்காரர். விருதுநகர் தெப்பக்குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் கடை. ஒரு மெஷின், ஒரு காஜா பையன், வாசலில் ஒரு பெஞ்சு. புரட்டாசி பிறந்ததும் தீபாவளித் துணி வர ஆரம்பித்துவிடும். வந்த துணி எதையும் அப்பா திருப்பி அனுப்பியதில்லை. எல்லோருக்கும் ஒரே வெள்ளிக்கிழமையைச் சொல்லிவிடுவார். அந்த வெள்ளிக்கிழமை நான் பள்ளி விட்டு வந்ததும் பெஞ்சில் உட்கார வேண்டும். துணி கேட்டு வருபவர்களிடம், 'அப்பா சாப்பிடப் போயிருக்கிறார், நாளைக்கு வரச் சொன்னார்' என்று சொல்வது என் வேலை. எனக்கு அப்போது 11 வயது.

ஆமத்தூரிலிருந்து ஒருவர் மகளின் பாவாடை சட்டைக்காக நான்கு நடை நடந்தார். தீபாவளிக்கு முதல் நாள் இரவு, கடைசி பஸ்ஸுக்குச் சற்று முன்னால்தான் துணி அவர் கைக்குப் போனது. விரித்துக்கூடப் பார்க்கவில்லை. 'நன்றாக இருக்கிறது அண்ணாச்சி' என்று காசைக் கொடுத்துவிட்டு ஓடினார். மறு வருடத் தீபாவளிக்கு அவரை பஜாரில் வேறொரு கடையின் பெஞ்சில் பார்த்தேன். என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஏதோ தப்புச் செய்தவர் போல அவர்தான் கூசினார். வந்து அப்பாவிடம் சொன்னேன். 'போன வருடம் நன்றாக இருக்கிறது என்றுதானே சொன்னார்' என்று அப்பா திரும்பத் திரும்பக் கேட்டது இன்னும் என் காதில் இருக்கிறது. உங்கள் கடிதத்திலும் அதே வார்த்தைகள்.

நம் ஊரில் 'நன்றாக இருக்கிறது' என்பது பல நேரம் விடைபெறும் சொல். ஒரே தெருவில் இருக்கிறோம், நாளைக்கு ஒரு வளைகாப்பில் முகம் பார்க்க வேண்டும், ஒரு பிளவுஸுக்காக யார் மனத்தாங்கல் தேடிக்கொள்வார்கள்? ஆகவே வாயால் வரும் பாராட்டைக் கணக்கில் சேர்க்காதீர்கள். கால் சொல்வதைக் கணக்கிடுங்கள். ஒரு பிளவுஸுக்காக அவர்கள் உங்கள் கடைக்கு எத்தனை நடை நடந்தார்கள்?

சேவையின் தரத்தை அளக்க முனைந்தவர்களில் முதன்மையானவர் ஏ. பரசுராமன். சென்னை ஐஐடியிலும் அகமதாபாத் ஐஐஎம்மிலும் படித்துவிட்டு அமெரிக்கா போனவர். வலேரி ஜைதாமல், லெனார்ட் பெர்ரி இருவரோடும் சேர்ந்து 1980களில் அவர் செய்த ஆய்வு, வாடிக்கையாளர் எதைப் பார்க்கிறார் என்பதை ஐந்தாகப் பிரித்தது: கண்ணுக்குத் தெரிகிற கடையும் மேசையும் உடையும்; சொன்னதைச் சொன்னபடி செய்வது; கேட்டவுடன் கவனிப்பது; இவருக்குத் தொழில் தெரியும் என்ற நம்பிக்கை; என்னை என்னவென்று அறிந்து நடத்துவது. பிறகு வாடிக்கையாளர்களிடம் 100 புள்ளிகளைக் கொடுத்து இந்த ஐந்துக்கும் பங்கிடச் சொன்னார்கள். அதிகப் புள்ளி சொன்னதைச் சொன்னபடி செய்வதற்கு. எல்லாவற்றிலும் குறைவு, கண்ணுக்குத் தெரிகிற கடைக்கு. கடனை வாங்கிக் கண்ணாடிக் கதவு போட நினைக்கிற ஒவ்வொருவரிடமும் இதைச் சொல்லி வருகிறேன்.

இனி செய்ய வேண்டியது. உங்கள் அளவு நோட்டில் நான்கு கட்டம் சேருங்கள்: துணி வாங்கிய தேதி, தருவதாகச் சொன்ன தேதி, தந்த தேதி, அந்தப் பெண் எத்தனை முறை வந்தார். ஒரு மாதம் ஒளிவுமறைவில்லாமல் எழுதுங்கள். பொய் எழுதினால் ஏமாறுவது நீங்கள்தான். மாதக் கடைசியில் இரண்டாவது கட்டத்துக்கும் மூன்றாவதுக்கும் உள்ள இடைவெளியைப் பார்த்தாலே பாதி விடை வந்துவிடும். அதே மாதத்தில், உங்கள் மூவரால் ஒரு நாளைக்குச் சாதா பிளவுஸ் எத்தனை, லைனிங் வைத்தது எத்தனை, ஆரி வேலைப்பாடு செய்த துணி எத்தனை தைக்க முடிகிறது என்றும் எண்ணுங்கள். அந்த எண்ணிக்கை தெரியாமல் தேதி சொல்வது, கையில் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் வாக்குக் கொடுப்பது. தீபாவளிக்கும் தை முகூர்த்தங்களுக்கும் துணி வாங்கும் கடைசி நாளைப் பலகையில் எழுதித் தொங்கவிடுங்கள். அதற்குப் பிறகு அத்தை மகளே வந்தாலும் வாங்காதீர்கள். சொல்லும்போது மனம் வலிக்கும். அப்பாவால் கடைசிவரை அதைச் சொல்ல முடியவில்லை.

தாமதம் ஆகத்தான் போகிறது என்றால், அந்தப் பெண் வீட்டை விட்டுக் கிளம்பும் முன் நீங்கள் போன் செய்யுங்கள். தாமதத்தைக்கூட மன்னிப்பார்கள், வெயிலில் வந்து வெறுங்கையோடு திரும்பியதை மறக்க மாட்டார்கள். 'நன்றாக இருக்கிறதா?' என்று கேட்பதையும் விட்டுவிடுங்கள். போட்டுப் பார்க்கச் சொல்லி, 'கையைத் தூக்கும்போது எங்கே பிடிக்கிறது?' என்று கேளுங்கள். ஏதோ ஓரிடத்தில் பிடிக்கும் என்று நீங்களே ஒப்புக்கொண்டு கேட்பதால், அவர்கள் கூச்சமில்லாமல் இடத்தைக் காட்டுவார்கள்.

கேள்வி: வங்கிச் சேவையின் தரம் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். பரசுராமன் குழுவினர் சேவையின் தரத்தை அளக்க உருவாக்கிய, 22 வாக்கியங்கள் கொண்ட சர்வ்குவால் வினாநிரலைத் தமிழாக்கி, முன்னோட்டமாக ஒரு வங்கிக் கிளையில் வாடிக்கையாளர்களிடம் கொடுத்தேன். ஏறத்தாழ எல்லோரும் எல்லாவற்றுக்கும் 'முற்றிலும் உடன்படுகிறேன்' என்று குறித்துவிட்டார்கள். மாதிரியின் எண்ணிக்கையைக் கூட்டினால் சரியாகிவிடும் என்கிறார் நெறியாளர். கூட்டட்டுமா?
ஆய்வு மாணவர், திருநெல்வேலி

பதில்: கூட்டாதீர்கள். கோணலான தராசில் 60 பேரை நிறுத்தாலும் 600 பேரை நிறுத்தாலும் கோணல் அப்படியேதான் இருக்கும்.

1990களின் நடுவில் நானும் இதே வினாநிரலோடு மதுரை மாவட்டத்தில் ஒரு கிராமத்து வங்கிக் கிளைக்குப் போனேன். மேலாளர் அன்பானவர். எனக்கென்று நாற்காலி போட்டுக் கொடுத்தார், தம் மேசையிலிருந்து நான்கு அடி தள்ளி. நகைக்கடன் வரிசையில் நின்ற ஒரு மூதாட்டியிடம் முதல் வாக்கியத்தைப் படித்தேன்: 'வங்கியின் உபகரணங்கள் நவீனமாக உள்ளன.' ஒன்றிலிருந்து ஏழுக்குள் ஓர் எண் சொல்லுங்கள் என்றேன். அவர் மேலாளரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், என் கையைத் தொட்டு, 'உனக்கு எத்தனை மார்க் வேண்டுமோ போட்டுக்கொள் தாயி' என்றார். பெண் பிள்ளை படித்துப் பட்டம் வாங்க வந்திருக்கிறாள், குறைத்துப் போடுவானேன் என்று நினைத்திருக்கிறார். அன்றைக்கு நான் நிரப்பிக்கொண்டு வந்த தாள்கள் எல்லாம் அந்தக் கருணையின் பதிவுகள். சேவையின் தரம் அவற்றில் இல்லை.

மறு வாரம் வினாநிரலை வீட்டில் வைத்துவிட்டுப் போனேன். அதே மூதாட்டியைக் கண்மாய்க்கரையில் பார்த்து ஒன்றே ஒன்று கேட்டேன்: 'கடைசியாக வங்கிக்குப் போன அன்று என்ன நடந்தது, ஆச்சி? வீட்டை விட்டுக் கிளம்பியதிலிருந்து சொல்லுங்கள்.' ஒரு மணி நேரம் சொன்னார். அடகு வைத்த தோட்டைத் திருப்ப மூன்று நடை. முதல் நாள் நகை மதிப்பீட்டாளர் வரவில்லை. இரண்டாம் நாள் ரசீதில் ஏதோ கையெழுத்து இல்லை. மூன்றாம் நாள் கிடைத்தது. மூன்று நாள் களையெடுப்புக் கூலி போனது. 'அவர்கள் நல்லவர்கள்தான்' என்றும் கடைசியில் சேர்த்துக்கொண்டார், அதையும் மனதார. என் வினாநிரலின் 22 வாக்கியங்களில் எதுவும் 'எத்தனை நாள் கூலி போயிற்று?' என்று கேட்கவில்லை. என் ஆய்வு உண்மையில் தொடங்கியது அந்தக் கண்மாய்க்கரையில்தான்.

நான் சர்வ்குவாலைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. 1985இல் அதன் ஆசிரியர்கள் எடுத்துக்கொண்ட துறைகளைப் பாருங்கள்: அமெரிக்காவில் சில்லறை வங்கி, கிரெடிட் கார்டு, பங்குத் தரகு, பழுதுபார்ப்பு. கருத்துக் கணிப்புக்குப் பழகிய மக்களிடம் பிறந்த கருவி அது. 1988இல் வந்த வடிவம் எதிர்பார்ப்புக்கு 22, அனுபவத்துக்கு 22 என்று ஒருவரை 44 முறை எண் சொல்ல வைத்தது. 1992இல் குரோனின், டெய்லர் என்ற இரு ஆய்வாளர்கள், எதிர்பார்ப்பைக் கேட்க வேண்டாம், அனுபவத்தை மட்டும் அளந்தால் போதும் என்று வாதிட்டார்கள். எதிர்மறையாக எழுதிய வாக்கியங்கள் குழப்புகின்றன என்று கண்டு, 1991இலேயே பரசுராமன் குழுவினர் அவற்றை நேர்மறையாக மாற்றிவிட்டார்கள். செய்தவர்களே தங்கள் கருவியைத் தேய்த்துத் தேய்த்துச் செப்பனிட்டிருக்கும்போது, நாம் மட்டும் 1988ஆம் ஆண்டுத் தாளை வேதம் போல் ஏன் தமிழில் ஓதிக்கொண்டிருக்க வேண்டும்? பல்கலைக்கழக நூலகங்களில் இப்படி அடுக்கி வைத்த ஆய்வேடுகளைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும். எத்தனை இளைஞர்களின் மூன்று நான்கு ஆண்டு உழைப்பு!

நீங்கள் இப்படிச் செய்து பாருங்கள். முதலில், வங்கிக் கட்டடத்துக்குள் யாரையும் கேட்காதீர்கள். பஸ் நிறுத்தம், டீக்கடை, ஊரக வேலைத் திட்டப் பணி நடக்கும் இடம், எங்கே வேண்டுமானாலும் கேளுங்கள். இரண்டாவது, 'உடன்படுகிறேன்' என்று பேச்சில் யார் சொல்கிறார்கள்? அந்தச் சொல்லைக் கேட்டதுமே பரீட்சை எழுதுகிற பயம் வந்துவிடுகிறது. எண்ணும் வேண்டாம், ஒப்புதலும் வேண்டாம். 20 புளியங்கொட்டையும் ஐந்து கிண்ணமும் எடுத்துப் போங்கள். ஒவ்வொரு கிண்ணமும் என்ன என்பதை ஒரு வரியில் சொல்லி, எது முக்கியமோ அதில் அதிகம் போடச் சொல்லுங்கள். கிராம மதிப்பீட்டுப் பணிகளில் விதைகளை வைத்துக் கணக்கிடுவது பல காலமாக இருக்கிற வழக்கம்தான். எழுதப் படிக்கத் தெரியாதவரும் கொட்டையைப் போட்டுவிட்டு ஒரு நிமிடம் யோசித்து, இந்தக் கிண்ணத்திலிருந்து எடுத்து அந்தக் கிண்ணத்தில் மாற்றிப் போடுவார். அந்தத் தயக்கத்தைக் கவனித்து எழுதிக்கொள்ளுங்கள். அச்சடித்த தாளில் அது கிடைக்காது.

மூன்றாவது, கடைசி முறை நடந்ததைக் கதையாகக் கேட்பது. இதற்கு ஆய்வுலகில் மரியாதை இல்லை என்று நெறியாளர் சொன்னால், 1954இல் ஜான் ஃபிளனகன் எழுதிய முக்கிய நிகழ்வு முறை பற்றிய கட்டுரையைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். 1990இல் மேரி ஜோ பிட்னரும் அவருடைய சக ஆய்வாளர்களும் விமானப் பயணிகள், விடுதியில் தங்குபவர்கள், உணவகங்களுக்குப் போகிறவர்கள் ஆகியோரிடம் ஏறத்தாழ 700 நிகழ்வுகளை இப்படித்தான் சேகரித்து வகைப்படுத்தினார்கள். தேர்வாளர்களுக்காக 22 வாக்கியங்களும் இருக்கட்டும். கூடவே இரண்டு எண்களைக் கட்டாயம் சேருங்கள்: ஒரு வேலைக்கு எத்தனை நடை, அதில் எத்தனை நாள் கூலி போனது. அந்த இரண்டுக்கும் ஏழு புள்ளி அளவுகோல் தேவையில்லை. யாரும் தயவுக்காக அவற்றைக் கூட்டியோ குறைத்தோ சொல்லவும் மாட்டார்கள்.

கேள்வி: மலிவுக் கட்டணத்தில் இரத்தப் பரிசோதனை நிலையம் தொடங்க எண்ணுகிறேன். கட்டணத்தைக் குறைத்தால் தரத்தைக் குறைத்தே ஆக வேண்டும், ஏழைகள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்கிறார் நண்பர். சரியா?
வாசகர், தஞ்சாவூர்

பதில்: சரியில்லை. அந்த நண்பரைக் கூட்டாளியாகச் சேர்க்காதீர்கள்.

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையை அவருக்குக் காட்டுங்கள். அரசுப் பணியிலிருந்து 58 வயதில் ஓய்வு பெற்ற டாக்டர் கோ. வெங்கடசாமி 1976இல் 11 படுக்கையோடு தொடங்கியது. முடக்குவாதத்தில் கோணிப்போன விரல்களால் அறுவை சிகிச்சை செய்யப் பழகியவர் அவர். பணம் கொடுப்பவருக்கும் கொடுக்க இயலாதவருக்கும் அங்கே அறையும் படுக்கையும் வேறு. மருத்துவர்கள் அதே மருத்துவர்கள். ஒருவருக்கு அறுவை முடியும்போது அடுத்தவர் பக்கத்து மேசையில் தயாராக இருப்பார். மருத்துவர் செய்தே ஆக வேண்டியதைத் தவிர மற்ற வேலைகளை, கிராமங்களிலிருந்து தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்த பெண்கள் பார்த்துக்கொள்கிறார்கள். கட்டணம் இறங்கியது அந்த ஒழுங்கினால். கண்ணுக்குள் வைக்கும் லென்ஸை வெளிநாட்டிலிருந்து வாங்கிக் கட்டுப்படியாகாதபோது, 1992இல் ஆரோலேப் என்ற தொழிற்கூடத்தைத் தொடங்கித் தாங்களே செய்தார்கள்.

எனக்கு அவர்களிடம் மிகவும் பிடித்தது வேறொன்று. முகாமில் கண்ணைப் பார்த்து, அறுவை இலவசம், மதுரைக்கு வாருங்கள் என்று சொல்லியும் பலர் வரவில்லை. இலவசத்தையும் வேண்டாம் என்கிறார்களே என்று சலித்துக்கொள்ளாமல், ஏன் வரவில்லை என்று விசாரித்தார்கள். பஸ் கட்டணம் இல்லை, அங்கே சாப்பாட்டுக்கு வழியில்லை, துணைக்கு வருகிறவரின் கூலி போகும். அதன் பிறகு முகாமிலிருந்தே பஸ்ஸில் அழைத்துப் போய், சாப்பாடும் போட்டு, திரும்பவும் கொண்டுவந்து விட ஆரம்பித்தார்கள். இதுதான் சேவை ஆய்வு. ஏழைகள் தரத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்பவர்கள், தவறான ஒரு முடிவு அவர்கள் வீட்டில் என்ன செய்யும் என்று யோசித்ததே இல்லை. வசதியுள்ளவர் வேறு இடத்தில் மறுபடி பரிசோதித்துக்கொள்வார். அவர்களுக்கு அந்த ஒரு தாள்தான்.

உங்கள் நிலையத்தில் தினமும் காலையில் தரக்கட்டுப்பாட்டு மாதிரியை, அதாவது முடிவு முன்பே தெரிந்த மாதிரியை, ஓட்டிச் சரிபார்க்காமல் முதல் நோயாளியின் இரத்தத்தைக் கருவியில் வைக்காதீர்கள். முதல் பஸ்ஸில் வெறும் வயிற்றோடு வருகிறவரின் முடிவு, மருத்துவர் எழுந்து போவதற்குள் கைக்கு வர வேண்டும். 'நாளைக்கு வந்து வாங்கிக்கொள்ளுங்கள்' என்றால், நீங்கள் குறைத்த கட்டணத்தை பஸ்காரருக்குக் கொடுக்க வைத்துவிட்டீர்கள்.

கேள்வி: சிறிய லேத் பட்டறை. ஜாப் ஒர்க் செய்து கொடுக்கும் பெரிய நிறுவனம் நான்கு மாதம், ஐந்து மாதம் பணம் தராமல் இழுக்கிறது. காசோலைக்காக நடையாய் நடக்கிறேன். சட்டம் இருக்கிறது என்கிறார்கள். புகார் கொடுத்தால் ஆர்டர் போய்விடும். என்ன வழி?
வாசகர், கோயம்புத்தூர்

பதில்: உங்கள் பயம் நியாயமானது. அதைக் கோழைத்தனம் என்று சொல்பவர்கள் சனிக்கிழமை சம்பளம் போட்டுப் பார்க்காதவர்கள்.

சட்டம் இருப்பது உண்மை. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் தவணை வைக்க முடியாது. ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு வட்டி, மாதக் கூட்டு வட்டியாக. இதைக் கேட்க உங்களுக்கு உத்யம் என்ற சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு வேண்டும். அது இலவசம், தரகருக்குப் பணம் கொடுத்துவிடாதீர்கள். இதற்கான அரசு இணையதளத்தில் மனுப் போட்டால், அது இந்த நிலுவைத் தகராறுகளைத் தீர்க்கும் வசதியாக்கக் குழுவுக்குப் போகும். கோவையிலேயே குழு இருக்கிறது.

ஆனால் உங்களுக்கு நான் சொல்வது, மனுவைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த வருமான வரித் திருத்தப்படி, குறு, சிறு தொழில்களுக்கு உரிய காலத்துக்குள் தராத பணத்தை, உண்மையில் தரும்வரை அந்த நிறுவனம் செலவாகக் கழித்துக்கொள்ள முடியாது. ஆகவே ஒவ்வொரு பில்லிலும் உங்கள் உத்யம் எண்ணை அச்சிடுங்கள். கொள்முதல் மேலாளரை விட்டுவிட்டு, கணக்குப் பிரிவில் இருப்பவருக்குப் பிப்ரவரியிலேயே நிலுவைப் பட்டியலை மரியாதையான கடிதமாக அனுப்புங்கள். மார்ச் மாதத்தில் அவருக்கே அந்தப் பட்டியல் தேவைப்படும். அவர்களின் விற்றுமுதல் 250 கோடிக்கு மேல் என்றால் டிரெட்ஸ் என்ற, பில்லைக் காட்டி முன்கூட்டியே பணம் பெறும் இணையத் தளத்தில் அவர்கள் பதிவு செய்தாக வேண்டும். உங்கள் பில்லை அவர்கள் அங்கே ஏற்றுக்கொண்டால், வட்டிக் கழிவு போக மீதியை நிதி நிறுவனம் உங்களுக்கு முன்கூட்டியே கொடுத்துவிடும். இதைக் கேட்பது புகார் ஆகாது. வழக்கமான வியாபாரப் பேச்சு.

ஒரே ஒரு நிறுவனத்தை நம்பி பட்டறை ஓடுகிறதா என்பதை நீங்கள் எழுதவில்லை. அப்படியென்றால், இந்த ஆண்டு லாபம் குறைந்தாலும் இரண்டாவது ஆர்டரைத் தேடுங்கள். வாடிக்கையாளரின் நடையைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறோம். சிறு தொழிலாளி காசோலைக்காக நடக்கிற நடையை அளந்து யாராவது ஒரு முனைவர் பட்டம் வாங்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. திருநெல்வேலி மாணவர் இதைப் படிப்பார் என்று நம்புகிறேன்.

கேள்வி: கல்லூரி மாணவர்களுக்கு மெஸ் நடத்துகிறேன். எண்ணெய், பருப்பு விலை ஏறிவிட்டது. சாப்பாட்டு விலையை ஏற்றட்டுமா, அளவைக் குறைக்கட்டுமா?
வாசகி, திருச்சி

பதில்: விலையை ஏற்றுங்கள், அம்மா. அளவில் கை வைக்காதீர்கள். கூட்டில் ஒரு கரண்டி குறைந்தால் பிள்ளைகள் அன்றைக்கே கண்டுபிடித்துவிடுவார்கள், ஆனால் சொல்ல மாட்டார்கள். இரண்டாம் முறை சாதம் கேட்கும்போது பரிமாறுபவர் தயங்குவதையும் பார்ப்பார்கள். பதினைந்து நாள் முன்னதாகவே பழைய விலை, புதிய விலை, காரணம் மூன்றையும் பலகையில் எழுதிவிடுங்கள். மாதக் கணக்கு வைத்திருப்பவர்களுக்கு மட்டும், அவர்கள் கட்டிய பணம் தீரும்வரை பழைய விலையே இருக்கட்டும்.